மலைக்குளிரில் தொட்டி வகை வெந்நீர் ஹீட்டர்: எத்தனை லிட்டர் வாங்குவது, எப்படிப் பராமரிப்பது, எப்போது மாற்றுவது?

குன்னூர் மகள்:

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையில் 15 லிட்டர் தொட்டி வகை ஹீட்டர் ஒன்று பதினோரு ஆண்டுகளாக இருக்கிறது. சில வாரங்களாக வெந்நீர்க் குழாயைத் திறந்தவுடன் செம்பழுப்பு நிறத் தண்ணீர் வந்து, சற்று நேரம் கழித்தே தெளிகிறது. சேஃப்டி வால்விலிருந்தும் அவ்வப்போது தண்ணீர் சொட்டுகிறது. பழுது பார்க்க வந்தவர் தண்ணீரைச் சூடாக்கும் காயிலையும், உரிய சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றினால் போதும் என்கிறார். கடைக்காரரோ புதியது வாங்குவதே நல்லது என்கிறார். வீட்டில் எழுபத்தெட்டு வயதான அம்மாவும், நாங்கள் இருவரும், பள்ளி செல்லும் மகளும் இருக்கிறோம். காலை ஆறு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் நால்வரும் குளித்தாக வேண்டும். முதலில் குளிப்பவருக்கு மட்டுமே போதிய வெந்நீர் கிடைக்கிறது. சென்னையில் இருக்கும் என் தங்கை வீட்டிலும் இதே 15 லிட்டர்தான். அங்கே இந்தக் குறை இல்லை. இதைச் சரி செய்வதா, மாற்றுவதா? மாற்றினால் எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?

உதகை மின்பொறியாளர் (ஓய்வு):

அம்மா, உங்கள் கடைசி வரியில் கேட்டிருப்பதிலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் போதுமாக இருப்பது குன்னூரில் போதாமல் போவதற்கு ஹீட்டர் காரணமன்று, அதற்குள் வரும் தண்ணீர்தான் காரணம். விற்பனையாளர்கள் கொடுக்கும் ‘இத்தனை பேருக்கு இத்தனை லிட்டர்’ என்ற அட்டவணைகள் பெரும்பாலும் சமவெளியை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை. அவற்றை நம்பி மலையில் ஹீட்டர் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் ஏமாறுவதைப் பார்த்து வருந்துகிறேன்.

கணக்கைப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் 60 டிகிரி செல்சியசுக்குச் சூடாகியிருக்கிறது என்றும், நாம் குளிப்பது 40 டிகிரியில் என்றும் கொள்வோம். சென்னையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 28 டிகிரியில் தண்ணீர் வந்தால், 15 லிட்டர் வெந்நீரை அதனுடன் கலந்து 40 லிட்டர் குளியல் நீர் பெறலாம். குன்னூரில் தை மாதக் காலையில் அதே தண்ணீர் 12 டிகிரியில் வருகிறது என்று வைத்தால், 15 லிட்டர் வெந்நீருக்குக் கிடைப்பது 26 லிட்டருக்கும் குறைவு. அதாவது ஒரு வாளியும் சில குவளைகளும்தான். இதுவும் ஏட்டுக் கணக்கு. வெந்நீர் வெளியேற வெளியேறத் தொட்டியின் அடியில் குளிர்ந்த நீர் நுழைந்து ஓரளவு கலந்துவிடும் என்பதால், நடைமுறையில் இதைவிடவும் குறைவாகவே கிடைக்கும்.

அடுத்தது நேரம். 25 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1.4 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் காயில் இருந்தால் 42 நிமிடம் ஆகும். சென்னையில் இதே 25 லிட்டருக்கு 28 நிமிடம் போதும். ஆகவே நம் ஊரில் ஒருவர் குளித்து முடித்ததும் அடுத்தவர் நுழைந்தால், அவர் குளிர்ந்த நீரில் நடுங்க வேண்டியிருப்பது கணக்குப்படியே நடப்பதுதான்.

நால்வர் ஒன்றரை மணி நேரத்துக்குள் குளிக்க வேண்டுமானால், 25 லிட்டர் எல்லைக்கோட்டில் நிற்கும். 35 லிட்டர் பொருத்தமாக இருக்கும். ஷவரில் குளிக்கும் பழக்கம் இருந்தால் 50 லிட்டருக்குப் போகலாம்.

கோத்தகிரி குழாய்ப் பணியாளர்:

பொறியாளர் ஐயா சொன்ன கணக்கை நான் ஏற்கிறேன். ஆனால் முதலில் செம்பழுப்புத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் புதியது வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும்.

அதே குளியலறையில் குளிர்ந்த தண்ணீர்க் குழாயை மட்டும் தனியாகத் திறந்து ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். அதுவும் செந்நிறமாக இருந்தால் ஊற்று நீரிலோ மேல்நிலைத் தொட்டியிலோ வரும் குழாயிலோ இரும்பு இருக்கிறது என்று பொருள். ஹீட்டரைக் குறை சொல்ல வேண்டாம். அது தெளிவாக இருந்து வெந்நீர் மட்டும் செந்நிறமாக வந்தால், இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தண்ணீர் ஆறிய பிறகு, ஹீட்டரின் வெந்நீர் வெளிவாயில் இணைப்பைக் கழற்றி, அங்கிருந்து வரும் தண்ணீரை நேரடியாகப் பிடிக்க வேண்டும். அங்கே தெளிவாக இருந்தால், சுவருக்குள் பதித்த பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்தான் துருப்பிடித்திருக்கிறது. அந்த நிலையில் புதிய ஹீட்டர் மாட்டினாலும் அதே செந்நீர்தான் வரும். மலைப்பகுதியில் பழைய வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. புது ஹீட்டருக்குக் காசு கொடுத்துவிட்டு மறுவாரமே பணியாளரிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

வெளிவாயிலிலேயே செந்நிறமாக வந்தால் உள்தொட்டி அரிக்கத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு காயிலையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றுவது வீண் செலவு. காயில், தெர்மோஸ்டாட், மூட்டில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட், வால்வு ஆகிய நான்கும் மாற்றக் கூடியவை. உள்தொட்டி அப்படியன்று. எனாமல் பூசிய தொட்டியில் ஓட்டை விழுந்தால் பற்ற வைத்து ஒட்ட முடியாது. பற்றவைக்கும் சூட்டிலேயே சுற்றியுள்ள எனாமல் உதிர்ந்துவிடும்.

உங்கள் தொட்டியின் அனோடு ராடை இத்தனை ஆண்டுகளில் யாராவது மாற்றினார்களா என்பதையும் சொல்லுங்கள்.

கொடை ஆசிரியை:

அனோடு ராடைப் பற்றிக் கோத்தகிரி நண்பர் கேட்டிருப்பதால், அதை அறியாத வாசகர்களுக்காகச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். நான் வேதியியல் கற்பிப்பவள்.

பெரும்பாலான ஹீட்டர்களின் உள்தொட்டி எஃகினால் ஆனது. அதன் உட்புறத்தில் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு உண்டு. அந்தப் பூச்சு எவ்வளவு நன்றாகப் பூசப்பட்டாலும் ஊசிமுனை அளவில் சில இடங்களில் எஃகு வெளியே தெரியும். அங்கேதான் துரு தொடங்கும். அதைத் தடுக்கவே தொட்டிக்குள் ஒரு மக்னீசியத் தண்டு தொங்கவிடப்படுகிறது. மக்னீசியம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும் உலோகம். ஆகவே தண்ணீருக்குள் இரண்டும் மின்தொடர்பில் இருக்கும்போது, மக்னீசியம் கரைந்து எஃகைக் காக்கிறது. தண்டு முழுவதும் கரைந்து நடுவிலுள்ள கம்பி மட்டும் மிஞ்சிய நாளிலிருந்து, அரிப்பு நேராக எஃகின் மீது பாய்கிறது. தொட்டியின் ஆயுளை இந்தத் தண்டுதான் தீர்மானிக்கிறது. ஆனாலும் ஹீட்டர் வாங்கும்போது இப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்பதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. இது எனக்கு மிகுந்த ஆதங்கம் தரும் விஷயம்.

நம் மலைகளின் ஊற்று நீரும் ஓடை நீரும் பொதுவாக உப்புக் குறைந்த மென்னீர். சமவெளி ஆழ்துளைக் கிணற்று நீரைப் போலக் காயிலின் மீது வெள்ளைப் பாறையாகச் சுண்ணாம்பு படிவது இங்கே அரிது. அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் மென்னீர் சில இடங்களில் சற்று அமிலத்தன்மையுடன் இருக்கும். அப்படிப்பட்ட நீர் உலோகத்தை மெல்ல அரிக்கும். வெள்ளை ஓட்டுத் தரையிலோ வாஷ்பேசினிலோ குழாய் சொட்டும் இடத்தில் நீலப்பச்சைக் கறை தெரிந்தால், தண்ணீர் எங்கோ செம்பையோ பித்தளையையோ கரைத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். நீரின் அமிலத்தன்மையை, மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் பி.எச். தாளினாலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, உப்புக் குறைந்த நீரில் மின்னோட்டம் எளிதில் பாயாது. அனோடு ராடு தன் வேலையைச் செய்ய, எலக்ட்ரான்களை மிக எளிதில் இழக்கும் உலோகமாக இருக்க வேண்டும். அலுமினியத் தண்டைவிட மக்னீசியத் தண்டே நம் தண்ணீருக்கு ஏற்றது. உதிரிப்பாகம் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

அரவங்காடு வாசகர்:

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி வாங்கினால் இந்த அனோடு தொல்லையே இல்லையே? எங்கள் வீட்டில் அதுதான் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. அதோடு சமையலறைக்கு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒன்று மாட்டலாம் என்றிருக்கிறேன். குளியலறைக்கும் அதையே மாட்டினால் காத்திருக்கும் நேரம் மிச்சமாகுமே என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கொடை ஆசிரியை:

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பகை குளோரைடு உப்பு. பற்றவைப்புத் தையல்களில்தான் அது முதலில் தாக்கும். கடலோர ஊர்களின் உவர்நீரில் அந்தத் தொட்டிகள் தையலில் கசிவது உண்டு. குளோரைடு குறைந்த ஊற்று நீரில் அவை நீடித்து உழைக்கும் என்பதால், மலைப்பகுதிக்கு நல்ல தேர்வுதான். பற்றவைப்பின் தரம் நம் கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டுமே என் தயக்கம். தொட்டிக்குத் தரும் உத்தரவாதக் காலம் எவ்வளவு என்று பாருங்கள். காயிலுக்கும் தொட்டிக்கும் உத்தரவாதம் வெவ்வேறு காலத்துக்கு இருக்கும். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடுவது தொட்டியினுடையது.

உதகை மின்பொறியாளர் (ஓய்வு):

அரவங்காடு நண்பரே, குளியலறைக்கு இன்ஸ்டன்ட் ஹீட்டர் வேண்டாம். 3 கிலோவாட் ஹீட்டர் ஒன்று 12 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்குச் சூடாக்கி ஓடவிட்டால், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் கிடைக்கும். 20 லிட்டர் வாளி நிறையப் பதின்மூன்று நிமிடம் ஆகும். சென்னையில் அதே கருவி நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் தரும். அங்கே அது வசதி. இங்கே குளிரில் நின்றுகொண்டு நூல்போல ஒழுகும் குழாயைப் பார்த்திருக்க வேண்டியதுதான். பாத்திரம் கழுவுவதற்குப் போதும், அதற்கு வாங்கிக்கொள்ளுங்கள். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர் மின்னோட்டம் போகும். பழைய 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றுப் பிளக் வைத்துச் செருகுவது தீ விபத்தில் முடியும். தனி 16 ஆம்பியர் சாக்கெட்டும், விநியோகப் பெட்டியிலிருந்து தனி வயரும் வேண்டும்.

குன்னூர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. கோத்தகிரி அண்ணா சொன்னபடி சோதித்தோம். தண்ணீர்க் குழாயில் தெளிவாகவே வருகிறது. ஹீட்டரின் வெளிவாயிலில் பிடித்தது தேநீர் நிறத்தில் இருந்தது. அனோடு ராடு ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. ஆகவே மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டோம்.

மேலும் சில ஐயங்கள் உள்ளன. எங்கள் தெருவில் காலை நேரத்தில் மின்னழுத்தம் 185 வோல்ட் வரை இறங்குகிறது. இதற்கு ஸ்டெபிலைசர் வைக்க வேண்டுமா? ஐந்து நட்சத்திர ஹீட்டர் வாங்கினால் மின்கட்டணம் பாதியாகக் குறையும் என்று கடையில் சொல்கிறார்கள், அது சரியா? நாள் முழுவதும் ஹீட்டரை இயக்கத்திலேயே வைத்திருப்பது சிக்கனம் என்று சிலரும், தேவைப்படும்போது மட்டும் போடுவது சிக்கனம் என்று சிலரும் சொல்கிறார்கள். கேஸ் ஹீட்டர் மாட்டினால் இந்த மின்சாரத் தொல்லையே இல்லை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அம்மாவோ பழையபடி விறகு பாய்லரே போதும் என்கிறார்.

உதகை மின்பொறியாளர் (ஓய்வு):

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மின்னழுத்தம் குறைந்தால் ஹீட்டர் காயில் பழுதாகாது, மெதுவாகச் சூடாகும், அவ்வளவே. காயிலின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் காயில், 185 வோல்ட்டில் 1,300 வாட்டுக்கும் சற்றுக் குறைவாகவே தரும். 42 நிமிட வேலைக்கு 65 நிமிடம் ஆகும். பயன்படும் யூனிட் அதிகரிக்காது, நேரம் மட்டும் கூடும். ஆகவே ஸ்டெபிலைசருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் 16 ஆம்பியர் தாங்கும் டைமர் சுவிட்சு ஒன்று வாங்கி, அதிகாலையில் தானே இயங்கும்படி வைத்துவிடுங்கள். தெருவில் எல்லோரும் எழுவதற்கு முன் மின்னழுத்தமும் நன்றாக இருக்கும். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லேயே இயங்கத் தொடங்கிய மாவட்டத்தில், காலை ஆறு மணிக்கு 185 வோல்ட் என்பது எனக்கு இன்றும் மனம் ஆறாத செய்தி. மின்மாற்றியின் சுமையைக் குறித்து உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். தெருவினர் பலர் கையெழுத்திட்டால் கவனிப்பார்கள்.

நட்சத்திரக் குறியீடு எதை அளக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். தண்ணீரைச் சூடாக்க ஆகும் மின்சாரம் எல்லா ஹீட்டருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 25 லிட்டரை 48 டிகிரி உயர்த்த ஒரு நட்சத்திரக் கருவிக்கும் 1.4 யூனிட், ஐந்து நட்சத்திரக் கருவிக்கும் 1.4 யூனிட். நட்சத்திரம் அளப்பது, சூடான தண்ணீர் பயன்படாமல் நிற்கும்போது 24 மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் வெளியே கசிகிறது என்பதை மட்டுமே. சுற்றுப்புறத்தைவிடத் தண்ணீர் 45 டிகிரி கூடுதலாக இருக்கும் நிலையில் அதை அளந்து, யூனிட் கணக்கில் அட்டையில் அச்சிடுகிறார்கள். கட்டணம் பாதியாகும் என்பது தவறான பேச்சு.

ஆனாலும் மலையில் ஐந்து நட்சத்திரம் வாங்குவதே சரி என்பேன். சென்னைக் குளியலறை 30 டிகிரியில் இருக்கும்போது 60 டிகிரித் தொட்டிக்கும் அதற்கும் வேறுபாடு 30 டிகிரிதான். நம் குளியலறை 10 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 50 டிகிரி. கசிவும் அதே விகிதத்தில் கூடும். கணக்குக்காக, அட்டையில் நாளொன்றுக்கு 0.8 யூனிட் என்று இருப்பதாக வைத்துக்கொண்டு, ஹீட்டரை எப்போதும் இயக்கத்திலேயே விட்டால், இரண்டு மாதத்தில் 48 யூனிட் வெறுமனே காற்றில் போகும்.  ஆகவே தேவைப்படும் நேரத்துக்கு முன் போட்டு, குளித்து முடித்ததும் நிறுத்துவதுதான் சிக்கனம். இடைவிடாமல் ஆட்கள் பயன்படுத்தும் விடுதிகளுக்கு வேண்டுமானால் வேறு கணக்கு.

வெப்பநிலையை 60 டிகிரியில் வையுங்கள். மின்சாரம் மிச்சம் என்று 45 டிகிரியில் வைத்துப் பல நாட்கள் விட்டால், லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் வளர அது இதமான சூடு. ஆனால் அம்மாவின் நிலையை மறக்க வேண்டாம். 60 டிகிரித் தண்ணீர் தோலில் சில விநாடிகள் பட்டாலே புண்ணாகிவிடும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையை வீட்டில் அனைவரும் கடைப்பிடிக்க வேண்டும்.

மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஹீட்டரை மாட்டும் முன் அதை மாட்டுங்கள். எர்த் இணைப்பையும் மின்பணியாளரை வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு இது பேரத்துக்கு இடமில்லாத விஷயம்.

குன்னூர் செவிலியர்:

கேஸ் ஹீட்டரைப் பற்றி ஒருவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். தயவுசெய்து குளியலறைக்குள் கேஸ் ஹீட்டரை மாட்டாதீர்கள். எரிவாயு எரியும்போது அறையிலுள்ள ஆக்சிஜனைத் தின்கிறது. காற்றோட்டம் இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைசுற்றலும் சோர்வும் வரும்போது, வெந்நீரின் இதத்தால் வரும் அசதி என்று குளிப்பவர் எண்ணிக்கொள்வார். எழுந்து கதவைத் திறக்கும் வலுவே இல்லாமல் போய்விடும். குளிருக்குப் பயந்து நம் ஊரில் குளியலறை ஜன்னலை நாம் எப்போதும் இறுக மூடியே வைத்திருக்கிறோம். அதோடு, உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, குன்னூர் 1,800 மீட்டரைத் தாண்டி இருக்கிறது. காற்றழுத்தம் இங்கே கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எரிவதற்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. கட்டாயம் கேஸ்தான் வேண்டுமென்றால் கருவி வீட்டுக்கு வெளியே, திறந்த வெளிச் சுவரில் இருக்க வேண்டும். முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இதை மிகக் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன்.

விறகு பாய்லர் வெளியே, புகைபோக்கியுடன், கூரைக்குக் கீழே காற்றோட்டமான இடத்தில் இருந்தால் அது வேறு. கவாத்து செய்த தேயிலைக் கிளைகளும் கற்பூர மரச் சுள்ளிகளும் கிடைக்கும் வீடுகளில் அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். மின்சாரம் போன நாளில் கைகொடுப்பதும் அதுதான். ஆனால் அதே பாய்லர்த் தணலை இரும்புச் சட்டியில் அள்ளி, குளிர்காய மூடிய அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. அதுவும் இதே நச்சு வாயுதான்.

தலைக்குந்தா விடுதிக்காரர்:

சோலாரைப் பற்றி ஒரு வார்த்தை. உதகையை அடுத்த தலைக்குந்தா, காந்தல் போன்ற பள்ளப் பகுதிகளில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி வெண்மையாகும் அளவுக்கு உறைபனி விழும். தட்டை வகை சோலார்ப் பலகை இரவில் திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தை இழப்பதால், காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும்போதுகூட அதன் செம்புக் குழாய்களில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கலாம். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை இதை நன்றாகத் தாங்கும். ஆனால் ஆடி மாத மழையிலும் மூடுபனியிலும் எந்த வகையும் பயன் தராது. அந்த மாதங்களில் மின்காயில் துணை வேண்டும். முழுவதும் சோலாரை நம்பி இருக்கலாம் என்று எங்கள் பகுதியில் யாருக்கும் நான் சொல்வதில்லை.

என் விடுதியில் சில அறைகள் வாரக்கணக்கில் ஆளில்லாமல் கிடக்கும். அந்த அறைகளின் வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது, அடுத்த அறையில் வருவதில்லை. விருந்தினர்கள் சாக்கடை வாடை என்று முறையிடுகிறார்கள். இதற்குக் காரணம் என்ன?

கொடை ஆசிரியை:

அது சாக்கடையன்று. நீண்ட நாள் தேங்கிய, ஆறிப்போன தொட்டியில் ஒருவகைப் பாக்டீரியா வளர்ந்து, தண்ணீரிலுள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகிறது. மக்னீசிய அனோடு கரையும்போது உண்டாகும் ஹைட்ரஜன் அதற்கு உதவுகிறது. நாற்றம் வருகிறதே என்று அனோடைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், தொட்டி சீக்கிரமே அரித்துப்போகும். அறையைத் திறப்பதற்கு முந்தைய நாள் தண்ணீரை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சில மணி நேரம் வைத்திருந்து, முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புது நீர் நிரப்புங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். நெடுநாள் பூட்டி வைப்பதாக இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொட்டியை வடித்துவிடுவதே நல்லது.

கோத்தகிரி குழாய்ப் பணியாளர்:

வடித்த தொட்டியை மீண்டும் நிரப்பாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. இதை விடுதிப் பணியாளர்களிடம் எழுதியே ஒட்டிவையுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்று முழுவதும் வெளியேறித் தண்ணீர் சீராக வரும் வரை காத்திருந்த பிறகே மின்சாரம். காலித் தொட்டியில் காயில் சில நிமிடங்களில் கருகிவிடும்.

குன்னூர் சகோதரிக்கு, ஹீட்டரை மாட்டும் விதம் பற்றிச் சொல்கிறேன். செங்குத்து வகையையே வாங்குங்கள். அதில் வெந்நீர் மேலேயும் குளிர்நீர் கீழேயும் பிரிந்து நிற்கும். படுக்கை வகையில் இரண்டும் சீக்கிரம் கலந்துவிடுவதால், அதே லிட்டருக்குக் கிடைக்கும் வெந்நீர் குறையும். தாழ்ந்த கூரையுள்ள ஓட்டு வீட்டில் வேறு வழியில்லை என்றால் மட்டும் படுக்கை வகை.

சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். கருங்கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய பழைய சுவராக இருந்தால், தண்ணீர் நிறைந்த 50 லிட்டர் ஹீட்டரின் எழுபது கிலோ எடையைச் சாதாரணப் போல்ட்டு தாங்காது. மண்சாந்து உதிர்ந்து போல்ட்டு வெளியே வந்துவிடும். சுவரை ஊடுருவிப் பின்புறம் இரும்புத் தகடு வைத்து முறுக்க வேண்டும், அல்லது தரையில் ஊன்றிய இரும்புச் சட்டத்தில் நிறுத்த வேண்டும்.

வெந்நீருக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் ஆகாது, சூட்டில் தொய்ந்து இணைப்பு கழன்றுவிடும். சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்களான சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். போடுங்கள். ஹீட்டரைக் குழாய்க்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் மாட்டுங்கள். பத்து மீட்டர் தள்ளி மாட்டினால், அரை அங்குலக் குழாயில் ஒரு லிட்டருக்கு மேல் வெந்நீர் ஒவ்வொரு முறையும் நின்று ஆறிப்போகும். சுவருக்கு வெளியே போகும் வெந்நீர்க் குழாய்க்கு நுரை உறை போடாமல் விடவே கூடாது. செம்பு அல்லது பித்தளை இணைப்பை ஜி.ஐ. குழாயுடன் நேரடியாகப் பூட்டினால், அந்த மூட்டில் இரும்பு வேகமாக அரிக்கும். நடுவில் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று வைத்துவிடுங்கள்.

அனோடு ராடை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் அல்லது நடுக்கம்பி எங்காவது தெரிந்தால் மாற்றிவிடுங்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் ஃபிளாஞ்சு எனப்படும் மூடித் தகட்டின் கேஸ்கெட்டையும் புதிதாகப் போடுங்கள். பழைய கேஸ்கெட்டையே மறுபடி இறுக்கினால் கசிந்து மின்இணைப்பின் மீது சொட்டும்.

குன்னூர் மகள்:

எங்கள் வீட்டுச் சுவர் கல்லும் மண்சாந்தும்தான். ஆகவே 50 லிட்டரை விட்டுவிட்டு, 35 லிட்டர் செங்குத்து வகையை, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐந்து நட்சத்திரமும் உள்ளதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். சுவரை ஊடுருவித் தகடு வைத்தே மாட்டப் போகிறோம். டைமரையும் ஆர்.சி.சி.பி.-யையும் மின்பணியாளரிடம் சொல்லியாகிவிட்டது. விறகு பாய்லர் கொல்லையில் அப்படியே இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னதில் அவருக்கு மகிழ்ச்சி.

கடைசியாக ஒன்று. பழைய ஹீட்டரின் வால்வு சொட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தேன். புதியதிலும் சொட்டினால் வால்வின் வாயை அடைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மேல்நிலைத் தொட்டி ஆறடி உயரத்தில்தான் இருக்கிறது, அழுத்தம் ஒன்றும் அதிகமில்லை.

உதகை மின்பொறியாளர் (ஓய்வு):

ஒருபோதும் அடைக்காதீர்கள். தண்ணீர் 12 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1.7 விழுக்காடு விரியும். 35 லிட்டருக்கு அது அரை லிட்டருக்கு மேல். உள்ளே வரும் வழியில் பின்னோக்கிப் போகவிடாத வால்வு இருப்பதால், அந்த அரை லிட்டருக்கு வெளியேற வேறு வழி கிடையாது. சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டுவது வால்வு சரியாக வேலை செய்வதன் அடையாளம். மேல்நிலைத் தொட்டியின் உயரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அடைத்துவிட்டால், தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் தொட்டி வெடிக்கக்கூடும்.

ஹீட்டர் நின்று ஆறிய பிறகும் இடைவிடாமல் சொட்டினால் மட்டும் வால்வின் இருக்கையில் மண்துகள் சிக்கியிருக்கலாம். நெம்புகோலைச் சில முறை தூக்கி விட்டுப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் வால்வை மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

கோத்தகிரி குழாய்ப் பணியாளர்:

வால்வின் வாயில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, கீழ்நோக்கிச் சரிவாகக் கொண்டுவந்து, தரை வடிகாலுக்கு ஒரு சாண் மேலே திறந்தபடி விட்டுவிடுங்கள். அம்மா நிற்கும் இடத்தில் சூடான சொட்டு விழாது. சொட்டுகிறதா, ஓடுகிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியும். அந்தக் குழாயின் முனையில் மட்டும் மூடி போடாதீர்கள், வாளிக்குள் மூழ்கும்படியும் விடாதீர்கள்.